முதலில் எழுபவர் யார்? கணனிக்குள் ஒரு விடியற்காலை

விடிவதற்கு இன்னும் சிறிது நேரம் இருக்கிறது. வீடு முழுவதும் உறக்கத்தில் ஆழ்ந்திருக்கிறது. ஒருவர் மட்டும் எழுந்திருக்கிறார். கிணற்றடியில் வாளியின் ஓசை கேட்கிறது, அடுப்பு மூளுகிறது, தண்ணீர் கொதிக்கிறது. அதன் பின்னரே தேநீர் உண்டாகிறது, இடியப்பம் அவிகிறது, பிள்ளைகள் எழுப்பப்படுகிறார்கள். பாடசாலைக்குச் செல்பவர் பாடசாலைக்கும், அலுவலகத்துக்குச் செல்பவர் அலுவலகத்துக்கும் புறப்படுகிறார்கள். “இன்று காலை எல்லாம் ஒழுங்காக நடந்தது” என்று எவரும் சொல்வதில்லை. ஒழுங்காக நடந்த காலையை எவரும் கவனிப்பதில்லை. அடுப்பு மூளாத காலையை வீடே கவனிக்கும்.

கணனிக்கும் இத்தகைய விடியற்காலை ஒன்று உண்டு. விசையை அழுத்தியது முதல், திரை தெளிந்து நமது பெயரையும் கடவுச்சொல்லையும் கேட்கும் வரையுள்ள சிறு பொழுதே அது. அப் பொழுதுக்குள் பத்துக் கணக்கான நிரல்கள் எழுந்து தத்தம் கடமையில் அமர்கின்றன. அவற்றை எழுப்புவது யார்? எந்த ஒழுங்கில் எழுப்புவது? எழுந்த ஒன்று மீண்டும் விழுந்துவிட்டால் செய்ய வேண்டியது யாது? எளியனவாகத் தோன்றும் இம் மூன்று வினாக்களுக்கும் விடை காண, ஐம்பது ஆண்டுகளுக்கு மேலாக அறிஞர்கள் முயன்று வந்திருக்கின்றனர். விடைகளைப் பற்றிப் பிணக்குற்றுப் பிரிந்தவர்களும் உளர். கணனி பயிலும் மாணவர்களுக்கும் அவர்களுடைய பெற்றோருக்கும் பயன்படுமாறு அக் கதையை இங்கே சுருக்கமாகக் கூறுவோம்.

முதலாம் இலக்கத்துக்கு உரியவர்

கணனியின் பொறிகளையும் நாம் பயன்படுத்தும் நிரல்களையும் இணைத்து நடத்தும் தலையாய நிரற்றொகுதியைப் பணிசெயல் முறைமை என்பர். யுனிக்ஸ் அத்தகைய முறைமைகளுள் ஒன்று. 1969ஆம் ஆண்டில், அமெரிக்காவின் நியூ ஜேர்சி மாநிலத்திலுள்ள பெல் ஆய்வுகூடத்தில், கென் தொம்சன், டெனிஸ் றிச்சி முதலியோர் அதனை உருவாக்கத் தொடங்கினர். பின்னர் எழுந்த லினக்ஸ் அதன் வழியைப் பின்பற்றியது. அன்ட்ரொயிட் கைத்தொலைபேசிகள் லினக்ஸின் உட்கருவைக் கொண்டே இயங்குகின்றன. அப்பிள் நிறுவனத்தாரின் கணனிகளும் தொலைபேசிகளும் யுனிக்ஸின் வழித்தோன்றல்களே. ஆகவே இது எங்கோ தொலைவிலுள்ள ஆய்வுகூடத்தின் கதை மட்டுமன்று. நமது சட்டைப்பையிலும் நாள்தோறும் நடக்கும் கதையாகும்.

கணனிக்கு மின்சாரம் கிடைத்ததும், ‘கேர்ணல்’ எனப்படும் உட்கரு நினைவகத்தில் ஏற்றப்படுகிறது. அது பொறிகளை இனங்கண்டு, வட்டுக்களைத் திறந்து, தன்னை ஆயத்தப்படுத்திக்கொண்டதும், ஒரேயொரு நிரலைத் தொடக்கிவிடுகிறது. அதற்கு ‘இனிற்’ என்று பெயர். ஓடிக்கொண்டிருக்கும் ஒவ்வொரு நிரலுக்கும் உட்கரு ஓர் இலக்கத்தை வழங்கும். இனிற் பெறுவது முதலாம் இலக்கம். அதன் பின்னர் நாம் காணும் நிரல்கள் யாவும் அதன் பிள்ளைகளாகவோ, பேரப்பிள்ளைகளாகவோ, அவர்களுடைய வழித்தோன்றல்களாகவோ பிறப்பவையே.

குடும்பத் தலைமைக்குரிய வேறு கடமைகளும் இனிற்றுக்கு உண்டு. ஒரு நிரல் முடிவுற்றால், அது எவ்வாறு முடிந்தது என்னும் செய்தியை அதனைப் பெற்ற நிரல் கேட்டறிதல் வேண்டும். கேட்டறியும் வரை, முடிந்துபோன நிரலின் பெயர் உட்கருவின் ஏட்டிலிருந்து நீங்காது. பெற்ற நிரலே முதலில் முடிந்துவிட்டால், அநாதையான பிள்ளைகளை வழமையாக இனிற் தத்தெடுத்துக்கொள்கிறது. அவை முடியும்போது இறுதிக் கடனையும் அதுவே செய்கிறது. ஆனால் இனிற்றைத் தத்தெடுக்க ஒருவருமில்லை. அது விழுந்துவிட்டால் லினக்ஸ் உட்கரு, இனிச் செய்வதற்கு ஒன்றுமில்லை என்று, இயந்திரம் முழுவதையும் நிறுத்திவிடுகிறது. ஆதலால் இத்தகைய முறைமையை அமைக்க முற்படுபவருக்கு முதல் விதி இது: முதலில் எழுபவர் விழுதல் கூடாது. விழாதிருக்க வேண்டுமாயின், அவர் தலையில் ஏற்றும் சுமை சிறிதாக இருத்தல் நன்று. இவ் விதியை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்வார்களாக. பிற்காலத்துப் பெரும் வழக்கு இதனை ஒட்டியே எழுந்தது.

கண்ணுக்குத் தெரியாத ஏவலாளர்

ஆரம்ப காலத்தில் இனிற்றின் வேலை மிகச் சிறியது. 1979ஆம் ஆண்டில் வெளிவந்த யுனிக்ஸின் ஏழாம் பதிப்பை எடுத்துக்கொள்வோம். அதில் இனிற், தொடக்கக் கட்டளைகள் எழுதப்பட்ட கோப்பொன்றை முதலில் நிறைவேற்றும். பின்னர் கணனியோடு இணைக்கப்பட்ட ஒவ்வொரு முனையத்திலும் ‘உமது பெயர் யாது?’ என்று கேட்கும் சிறு நிரல் ஒன்றை நிறுத்தும். ஒருவர் தம் வேலையை முடித்துக்கொண்டு போனதும், அடுத்தவருக்காக அதே நிரலை மறுபடியும் எழுப்பும். விழுந்ததை எழுப்பும் வழக்கம் அன்றே இருந்தது என்பது கவனிக்கற்பாலது.

நாளடைவில் வேலைகள் பெருகின. கடிதம் கொண்டுசெல்ல ஒரு நிரல், அச்சிட ஒரு நிரல், நாழிகை பார்த்து வேலை செய்ய ஒரு நிரல், வலையமைப்பைக் கவனிக்க ஒரு நிரல் என்று, திரையில் முகம் காட்டாது பின்னணியில் உழைக்கும் ஏவலாளர் பலர் தோன்றினர். இவர்களுக்கு ‘டீமன்’ என்று பெயர். இப் பெயர் யுனிக்ஸுக்கும் முந்தியது. 1963ஆம் ஆண்டளவில் மசாசூசெற்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் பணியாற்றிய கோர்பட்டோ குழுவினர், பௌதிக அறிஞர் மக்ஸ்வெல் கற்பனை செய்த, ஓயாது மூலக்கூறுகளைப் பிரித்துக்கொண்டிருக்கும் சிறு பூதத்தை எண்ணியே இப் பெயரைச் சூட்டினர்.

இலக்கமிட்ட சீட்டுக்கள்

ஏவலாளர் பலராகியதும் அவர்களை எழுப்பும் ஒழுங்கு முக்கியமாயிற்று. 1983ஆம் ஆண்டில் வெளியாகிய ‘சிஸ்டம் ஃபைவ்’ என்னும் யுனிக்ஸ் வகையின் மரபு கண்ட வழி இது: ஒவ்வொரு சேவைக்கும் ஒரு சிறு கட்டளைக் கோப்பு, அதன் பெயருக்கு முன்னால் ஈரிலக்க எண். 10ஆம் எண்ணுடையது முதலில், 20ஆம் எண்ணுடையது அடுத்து, 80ஆம் எண்ணுடையது கடைசியில். சமையலறைச் சுவரில் ‘10 தண்ணீர் அள்ளுக, 20 அடுப்பு மூட்டுக, 30 தேநீர் வைக்க’ என்று சீட்டு ஒட்டியது போன்றது இது. எவரும் வாசித்து விளங்கிக்கொள்ளலாம். ஒரு வரியை மாற்றுவதற்கும் பெரிய வித்தை வேண்டியதில்லை. லினக்ஸ் முறைமைகள் பலவும் நெடுங்காலம் இவ்வழியிலேயே நடந்தன.

நிற்க. இவ்வழியின் குறையை ஓர் உதாரணத்தால் விளக்குவோம். ஒரு வைத்தியசாலையில் நோயாளரைப் பதியும் கணனி இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். பதிவு நிரலுக்கு 40ஆம் எண். பெயர்களைக் காக்கும் தரவுத்தளத்துக்கு 30ஆம் எண். நாள்தோறும் ஒழுங்காக நடக்கிறது. ஓர் இரவு மின்சாரம் திடீரென நின்று, விடியுமுன் மீள்கிறது. தரவுத்தளம் எழுகிறது, ஆனால் பாதியில் அறுந்த கணக்குகளைச் சரிபார்த்துத் திருத்த அதற்குச் சில நிமிடங்கள் வேண்டும். 30ஆம் சீட்டோ ‘எழுப்பியாயிற்று’ என்று கூறி நகர்ந்துவிடுகிறது. 40ஆம் சீட்டின்படி எழுந்த பதிவு நிரல் தரவுத்தளத்தின் கதவைத் தட்டுகிறது, மறுமொழி இல்லை, பிழையென்று கூறி முடிந்துவிடுகிறது. ஐந்து நிமிடம் சென்றதும் தரவுத்தளம் ஆயத்தம், அழைப்பாரில்லை. காலை ஏழு மணிக்கு வாயிலில் நோயாளர் வரிசை நிற்கிறது. எந்தப் பொறியும் பழுதுபடவில்லை. எந்த நிரலிலும் பெரும் பிழையில்லை. பிழை ஒழுங்கிலே இருந்தது.

இவ் உதாரணத்தில் மூன்று குறைகள் அடங்கியிருக்கின்றன. எண்ணானது முன்பின்னைச் சொல்கிறதேயன்றிக் காரணத்தைச் சொல்வதில்லை. தொடங்கியதையும் ஆயத்தமானதையும் ஒன்றெனக் கொண்டது இரண்டாம் குறை. விழுந்ததைப் பார்க்க ஆளில்லாமை மூன்றாம் குறை. பின்வந்த முறைமைகள் யாவும் இம் மூன்றையும் நீக்க எழுந்தவையே எனலாம்.

காரணத்தை எழுதுக

2000ஆம் ஆண்டு வெளிவந்த ‘நெற்பிஎஸ்டி’ 1.5 பதிப்பு முதலாம் குறைக்கு நல்ல மருந்து கண்டது. ஒவ்வொரு கட்டளைக் கோப்பின் தலையிலும், ‘நான் தருவது இன்னது, எனக்கு வேண்டியது இன்னது’ என்று எழுதப்பட்டது. எண்கள் நீங்கின. இவ் வரிகளை வாசித்து, சரியான ஒழுங்கைக் கணனியே கணித்துக்கொண்டது.

மாணவர்கள் இக் கணிப்பைத் தாளிலே செய்து பார்க்கலாம். தேநீருக்கும் இடியப்பத்துக்கும் கொதிநீர் வேண்டும்; இடியப்பத்துக்கு மாவும் வேண்டும்; கொதிநீருக்கு அடுப்பும் தண்ணீரும் வேண்டும். முதலில், வேறொன்றையும் வேண்டாதவற்றை எழுதுங்கள்: அடுப்பு, தண்ணீர், மா. அவற்றைப் பட்டியலிலிருந்து நீக்குங்கள். இப்பொழுது வேறொன்றையும் வேண்டாது நிற்பது கொதிநீர். அதனையும் எழுதி நீக்குங்கள். எஞ்சுபவை தேநீரும் இடியப்பமும். 1962ஆம் ஆண்டில் ஆதர் கான் என்பவர் வெளியிட்ட முறை இதுவேயாகும். இதில் இன்னொரு நன்மையும் உண்டு: ஒரே சுற்றில் வந்தவை ஒன்றையொன்று எதிர்பார்ப்பதில்லை. ஆகவே மூவர் இருந்தால் அடுப்பும் தண்ணீரும் மாவும் ஒரே வேளையில் நடக்கலாம். எண்வரிசையில் ஒருவர் பின் ஒருவராகக் காத்து நின்ற நேரம் மிச்சமாகும்.

விறகு உலர அடுப்பு வேண்டும், அடுப்பு எரிய உலர்ந்த விறகு வேண்டும் என்று எழுதினால் என்னாகும்? எந்தச் சுற்றிலும் இரண்டையும் நீக்க இயலாது. இத்தகைய வட்டத்துக்கு விடையே கிடையாது. நல்ல முறைமை அதனை மறைக்காது, ‘இங்கே வட்டம் உண்டு’ என்று தெளிவாகக் கூறும். விடையில்லாத இடத்தில் விடையில்லை என்று சொல்வதும் அமைப்பாளரின் கடமையே.

தொடங்கியது வேறு, ஆயத்தமானது வேறு

அடுப்பை மூட்டியாயிற்று என்பதால் தண்ணீர் கொதித்துவிட்டது என்றாகாது. இரண்டாம் குறைக்கு ஒரு பரிகாரம், சேவையே ‘நான் ஆயத்தம்’ என்று செய்தி அனுப்புதல். செய்தி வரும் வரை அதனை நம்பியவை எழுப்பப்படா. மேலே கூறிய வைத்தியசாலையில் இது இருந்திருந்தால் வரிசை நின்றிராது.

இதனினும் நுட்பமான வழியொன்றை அப்பிள் நிறுவனத்தார் 2005ஆம் ஆண்டில் ‘லோஞ்ச்டி’ என்ற நிரலில் விரிவாகக் கையாண்டனர். அதன் வித்து, 1986ஆம் ஆண்டின் பேர்க்லி யுனிக்ஸிலிருந்த ‘இனெற்டி’ என்னும் நிரலிலேயே காணப்படுகிறது. பாற்காரர் விடியுமுன் வருகிறார், வீட்டார் உறங்குகின்றனர். முதல்நாள் இரவே திண்ணையில் செம்பை வைத்திருந்தால், அவர் எவரையும் எழுப்பாமல் பாலை ஊற்றிவிட்டுப் போகலாம். அவ்வாறே, சேவைகளை எழுப்புமுன்னரே அவற்றின் தொடர்பு வாயில்கள் யாவும் திறந்து வைக்கப்படுகின்றன. பின்னர் எல்லாச் சேவைகளும் ஒருங்கே எழுப்பப்படுகின்றன. ஒன்று மற்றொன்றுக்குச் செய்தி அனுப்ப விரும்பினால் வாயிலில் இட்டுவிடலாம். பெறுபவர் எழும் வரை உட்கரு அதனைக் காத்து வைத்திருக்கும். செம்பு நிறைந்தால் அனுப்புபவர் சற்றே பொறுத்து நிற்பார். முன்பின் ஒழுங்கை எவரும் எழுதாமலே, தேவையானது தானாகவே ஒழுங்கை உண்டாக்கிக்கொள்கிறது. அதுமட்டுமன்று, பாற்காரர் வராத வீட்டில் எவரும் எழவே வேண்டியதில்லை. கேட்பாரில்லாத சேவையை, கேட்கும் வரை உறங்க விடலாம்.

செம்புக்கும் எல்லை உண்டு என்பதை மறத்தலாகாது. வீட்டார் எழவே மாட்டார்களாயின் பால் திரிந்துபோகும். மறுமொழிக்காகக் காத்திருப்பவர் காத்துக்கொண்டே இருப்பார். அதனால் மூன்றாம் குறையையும் நீக்க வேண்டியதாயிற்று.

விழுந்தவரை எழுப்புதல்

பழைய டீமன்களுக்கு விநோதமான வழக்கமொன்று இருந்தது. பின்னணிக்குச் செல்வதற்காக அவை ஒரு பிள்ளையைப் பெற்றுத் தாம் முடிந்துவிடும். அநாதையான பிள்ளையை இனிற் தத்தெடுக்கும். ஆனால் அப் பிள்ளை எந்தச் சேவையைச் சேர்ந்தது என்பது இனிற்றுக்குத் தெரியாது. ஆகவே டீமன் தன் இலக்கத்தை ஒரு கோப்பிலே எழுதி வைக்கும். டீமன் இறந்த பின்னும் அக் கோப்பு இருக்கும். அதே இலக்கம் பிற்பாடு வேறொரு நிரலுக்குக் கிடைக்கவுங்கூடும். ‘அச் சேவையை நிறுத்துக’ என்று கட்டளையிட்டால், குற்றமற்ற வேறொருவர் தண்டிக்கப்படுவார்.

டானியல் பேண்ஸ்டைன் எழுதிய ‘டீமன்ரூல்ஸ்’ என்னும் தொகுதி இதற்கு எளிய தீர்வு தந்தது. ஒவ்வொரு சேவைக்கும் ஒரு சிறு காவல் நிரல். சேவை பின்னணிக்கு ஓடுதல் கூடாது. காவலின் நேர்ப் பிள்ளையாகவே இருத்தல் வேண்டும். பிள்ளை விழுந்தால் உட்கருவே பெற்ற நிரலுக்குச் சொல்லும். காவல் நிரல் அதனை மறுபடியும் எழுப்பும். ஓயாது விழுந்து எழும் சேவை இயந்திரத்தின் வலுவெல்லாவற்றையும் குடித்துவிடாதபடி, ஒருமுறை எழுப்பியபின் ஒரு செக்கனேனும் பொறுத்தே அடுத்த முறை எழுப்பும். பிற்காலத்து முறைமைகள் சில வரம்பும் விதித்தன: பத்துச் செக்கனுக்குள் ஐந்து முறைக்கு மேல் எழுப்ப வேண்டி வந்தால், எழுப்புவதை விட்டு நிர்வாகிக்கு அறிவித்தல். காய்ச்சலாகக் கிடக்கும் பிள்ளையை மீண்டும் மீண்டும் எழுப்பிப் பாடசாலைக்கு அனுப்புவதால் பயனென்ன? வைத்தியரிடமன்றோ அழைத்துச் செல்ல வேண்டும்!

பெரும் வழக்கு

இவ் எண்ணங்கள் பலவற்றையும் ஒன்றுசேர்த்து, 2010ஆம் ஆண்டில் லெனாட் பொட்டறிங், கை சீவர்ஸ் என்னும் இருவர் லினக்ஸுக்காக ‘சிஸ்டம்டி’ என்ற முறைமையை வெளியிட்டனர். முன்கூட்டித் திறந்த வாயில்கள், காரணத்தால் அமைந்த ஒழுங்கு, ஆயத்தச் செய்தி, காவல் ஆகிய யாவும் அதில் உண்டு. 2008ஆம் ஆண்டில் லினக்ஸ் உட்கருவிற் சேர்ந்த ‘சீகுறூப்’ என்னும் வசதியால், ஒரு சேவையின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் எங்கே ஒளித்தாலும் ஒரே குடும்பமென அடையாளம் காணவும் முடிந்தது. 2011ஆம் ஆண்டில் ‘ஃபெடோரா’ 15 அதனை ஏற்றது.

எதிர்ப்பும் எழுந்தது. எதிர்த்தவர்கள் நாம் மேலே குறித்த முதல் விதியையே எடுத்துக் காட்டினர். ‘விழக்கூடாதவர் தலையில் இத்தனை சுமையா? ஒரு நிரல் ஒரு வேலையை நன்றாகச் செய்தல் என்னும் யுனிக்ஸ் மரபு என்னாயிற்று?’ என்று கேட்டனர். ஆதரித்தவர்களோ, ‘ஒவ்வொரு கோப்பிலும் ஒவ்வொருவர் ஒவ்வொரு விதமாக எழுதிய குழப்பம் போதும், எங்கும் ஒரே வழி இருந்தால் எல்லாருக்கும் நன்று’ என்றனர். தொண்டர்களாற் பேணப்படும் ‘டெபியன்’ முறைமையின் தொழில்நுட்பக் குழுவில் 2014ஆம் ஆண்டு பெப்ரவரியில் இது வாக்குக்கு வந்தது. எண்மர் கொண்ட குழு நாலுக்கு நாலாகப் பிரிந்தது. தலைவரின் தீர்க்கும் வாக்கு சிஸ்டம்டியின் பக்கம் சாய்ந்தது. சில நாட்களில் ‘உபுண்டு’வினரும் தமது சொந்த முறையைக் கைவிட்டு அதனைப் பின்பற்றுவதாக அறிவித்தனர். மனம் ஒப்பாதவர் சிலர் அவ் ஆண்டிறுதியிலேயே ‘டெவுவன்’ என்ற தனி வீடு கட்டத் தொடங்கினர். ‘அல்பைன்’, ‘வொயிட்’ முதலிய முறைமைகள் சிறிய வேறு வழிகளையே கைக்கொண்டன.

இரு சாராரிடமும் உண்மை உண்டு என்பதே நமது கருத்து. வைத்தியசாலை வாயிலில் நின்ற வரிசையை நினைப்பவருக்கு ஒழுங்கும் காவலும் இன்றியமையாதன. நள்ளிரவில் இயந்திரம் எழ மறுக்கும்போது, தனியே இருந்து அதன் காரணத்தைத் தேடுபவருக்கோ, தாம் முழுவதும் வாசித்து விளங்கக்கூடிய சிறிய முறைமையே துணை. முதலில் எழுபவர் சிறிதளவே செய்யட்டும்; ஏனைய பொறுப்புக்களை அவர் எழுப்பும் பிள்ளைகள் பங்கிட்டுக்கொள்ளட்டும் என்பது, கற்கும் மாணவர் கைக்கொள்ளத்தக்க நடுவழியாகும்.

உறங்கும் வேளை

எழுப்புவது மாத்திரம் கடமையன்று. உறங்க வைப்பதும் கடமையே. கணனியை நிறுத்தும்போது, எழுந்த ஒழுங்குக்கு எதிரான ஒழுங்கு வேண்டும். பதிவு நிரல் முதலில் ஓய வேண்டும், தரவுத்தளம் கணக்கை மூடிய பின் ஓய வேண்டும், வட்டுக்கள் கடைசியில். இனிற் ஒவ்வொருவரிடமும் ‘முடித்துக்கொள்க’ என்று பணிவாகச் சொல்லிச் சிறிது பொறுக்கும். சிஸ்டம்டி பொதுவாக விதித்த தவணை 90 செக்கன். அதற்குள்ளும் முடியாதவரைப் பலவந்தமாக நிறுத்தும். ‘நிறுத்து’ என்றதும் கணனி சற்றுத் தாமதிப்பதைக் கண்டு பொறுமையிழந்து மின்விசையை அணைப்பவர்கள், அவ் வேளையில் உள்ளே எவரோ கணக்கை மூடிக்கொண்டிருக்கலாம் என்பதை எண்ணிப் பார்ப்பார்களாக.

இத்தகைய முறைமை ஒன்றை நீங்களே எழுதிப் பார்க்க விரும்பினால், மாணவர்களே, சிறிதாகத் தொடங்குங்கள். ஒரு சேவையை எழுப்புங்கள். விழுந்தால் மீண்டும் எழுப்புங்கள். பின்னர் இரண்டாவதை அதனோடு இணையுங்கள். சில நூறு வரிகளிலேயே இவ்வளவும் செய்யலாம். எழுதி முடித்த பின், வேண்டுமென்றே ஒரு சேவையைக் கொன்று, என்ன நடக்கிறது என்று பாருங்கள். நன்றாக அமைந்திருந்தால் ஒன்றுமே நடவாதது போலத் தோன்றும். இத் தொழிலுக்குக் கிடைக்கும் பாராட்டு அவ்வளவே.

நாளைக் காலை தேநீர் அருந்தும்போது, அதற்கு முன் எத்தனை வேலைகள் எந்த ஒழுங்கில் நடந்திருக்க வேண்டும் என்று ஒருமுறை எண்ணிப் பாருங்கள். அவ் வேலைகளைச் செய்தவரிடம் அதனைச் சொல்லவுஞ் செய்யலாம். கணனி பாராட்டை எதிர்பார்ப்பதில்லை. வீட்டில் முதலில் எழுபவருக்கு அது மகிழ்ச்சி தரும்.